ஏர்பேட்டில் மூடிய கடல் கிணறு

கடலடியில் எண்ணெய்க் கிணறு பொங்கத் தொடங்கிய ஐம்பத்திரண்டாம் நாள், அதன் விஷயமாகப் பேச நான் கடலே இல்லாத ஆந்திரப் புத்தூர் பக்கம் கிளம்பினேன்.

முப்பத்தைந்து வருடம் எண்ணெய்க் கிணறுகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். கடைசிப் பன்னிரண்டு வருடம், கிணறு பொங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று ரிக் ஊழியர்களுக்குப் பாடம் எடுத்தேன். எந்த வால்வுக்குப் பின் எந்த வால்வு, எந்தப் படிவத்துக்குப் பின் எந்தப் படிவம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஓய்வுபெற்ற பிறகு யாரும் எழுப்புவதில்லை.

அதனால் கப்பல் ஒப்பந்தக்காரரின் சென்னை முகவர் அழைத்தபோது மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் அந்தக் கிணற்றைத் துளைத்துக்கொண்டிருந்த கப்பல் தீப்பிடித்து மூழ்கிவிட்டது. காணாமற்போனவர்கள் ஒன்பது பேர். "தேடுதல் முடிந்ததை ஏற்கிறேன்" என்ற படிவத்தில் எட்டுக் குடும்பங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டன. ஒன்பதாவது குடும்பம் மட்டும் மறுக்கிறது. "சுதாகர் உங்கள் மாணவராமே சார், அவருடைய அப்பா உங்கள் பேச்சைத்தான் கேட்பாராம்" என்றார் முகவர். படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டேன். முகவருக்குத் தெரியாத ஒரு விஷயமும் என்னிடம் இருந்தது. அதைப் பையில் வைக்க முடியவில்லை.

ரயிலில் எதிரே திருப்பதிக்குப் போகும் ஒரு தெலுங்குத் தம்பதி. "மொட்டை போட்டால் ஆறு மாதத்துக்குத் தலைக்கு எண்ணெய் மிச்சம்" என்றார் கணவர். "உங்களுக்கு அந்த மிச்சத்தைச் சாமி எப்போதோ செய்து கொடுத்துவிட்டாரே" என்றாள் மனைவி. பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். போகிற வேலைக்கு அது பொருந்தவில்லை என்று பிறகுதான் உறைத்தது.

புத்தூரிலிருந்து ஷேர் ஆட்டோ. பதினோரு பேர், இரண்டு கூடை மாங்காய், ஓட்டுநர் இருக்கையின் ஓரத்தில் பாதி உடம்போடு நான். உயிர்காக்கும் படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று எண்ணி எண்ணிச் சொல்லிக்கொடுத்தவன் இப்படித் தொங்கிக்கொண்டு போனதை என் மாணவர்கள் யாரும் பார்க்கவில்லை. இருபக்கமும் மாந்தோப்பு. தோப்புக்குத் தோப்பு போர்வெல் குழாய்கள் தரையிலிருந்து ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தன. பாதிக்கு மேல் காய்ந்தவை. ஒன்றிரண்டின் வாயில் கல் வைத்திருந்தார்கள். பல திறந்தே கிடந்தன.

சுதாகரின் அப்பா முனிசாமிக்கு என் வயதுதான். இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். பள்ளியில் தெலுங்கு, வீட்டில் தமிழ், வங்கியில் இரண்டும் கலந்து. என்னைக் கண்டதும் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்தார். ஆனால் கண் மட்டும் எழவில்லை. அது டி.வி. மேடைமேல் ஒரு சொம்பில் சாய்த்து வைத்திருந்த செல்போனிலேயே இருந்தது.

போனில் கடலடி. பழுப்புப் புகை போல எண்ணெய் பொங்கிக்கொண்டிருந்தது. ஓர் இயந்திரக் கை ஓரத்தில் எதையோ பிடித்துக்கொண்டு நின்றது. எண்ணெய்க் கம்பெனி உலகத்துக்கெல்லாம் காட்டும் நேரடிப் படம். உலகம் பத்து நாளில் சலித்து வேறு படம் பார்க்கப் போய்விட்டது. முனிசாமி சலிக்கவில்லை.

"மொதல்ல இரும்புக் கொடையக் கவுத்தானுங்க சார். ஐஸு புடிச்சிக்கினு மேல வந்துடுச்சி. அப்புறம் கெட்டிச் சேறு ஊத்தினானுங்க, ரப்பர் துண்டுலாம் போட்டானுங்க. எல்லாத்தயும் துப்பிடுச்சி. இப்ப மேலகீற குழாய ரம்பத்துல அறுத்துட்டு புது மூடி வெக்கப் போறானுங்க. நாளன்னிக்கு மத்தியானம். கரெக்டா?"

சரிதான். இதையே வகுப்பில் சொல்ல எனக்கு மூன்று மணி நேரமும் நாற்பது படங்களும் தேவைப்படும்.

"இங்க போரு ஆயிரத்து நூறு அடி போட்டேன் சார். பொகதான் வந்துச்சி. அங்க இன்னாடான்னா வர்றத நிறுத்த முடியல" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "அதுக்குத்தான் உங்கள வரச் சொன்னது. உங்க ஆளுங்கதான அங்க கீறாங்க? ஒரு வாரம் தள்ளி மூடச் சொல்லுங்க."

மீனவர்கள், மந்திரிகள், பறவைகளுக்காக வழக்குப் போடுகிறவர்கள் என்று எல்லோரும் ஒரே குரலில் அந்தக் கிணற்றை மூடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூட வேண்டாம் என்று சொன்ன ஒரே மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

"எதுக்கு முனிசாமி?"

"மூடிட்டா அவன எப்பிடி சார் எடுப்பாங்க?"

எனக்குப் புரியவில்லை. அவர் உள்ளே போய்ச் சுதாகரின் சட்டை ஒன்றையும் தையல்காரரின் டேப்பையும் எடுத்து வந்தார். சட்டையைத் தரையில் விரித்து, இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள்வரை அளந்து காட்டினார். பதினெட்டு அங்குலம்.

"நீங்க பதினெட்டே முக்கால்னு சொன்னீங்க. முக்கா இஞ்சு எச்சா கீது. ஆளு போவும்."

விபத்து நடந்த மூன்றாம் நாள் அவர் என்னைப் போனில் அழைத்திருந்தார். "எதுனா ஒண்ணுன்னா இந்தச் சாரைக் கேளு" என்று மகன் என் எண்ணைக் கொடுத்திருந்தானாம். அந்தப் போர்வெல் எத்தனை இஞ்சு என்று கேட்டார். நானும் உற்சாகமாக விளக்கினேன். கடலடியில் கிணற்றின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அடைப்பான் அடுக்கின் துவாரம் பதினெட்டே முக்கால் அங்குலம் என்று, முக்காலை அழுத்தி வேறு சொன்னேன். "செரி சார்" என்று வைத்துவிட்டார். நல்ல கேள்வி கேட்கிறார், நல்ல மாணவராக வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

போர்வெல்லில் விபத்து என்று ஒருவனைப் பற்றிச் செய்தி வந்தால் இந்த மண்ணில் அதற்கு ஒரே பொருள்தான். அவன் போருக்குள் விழுந்துவிட்டான். அளவு தெரியாமல் இருந்தவருக்கு நான் அளவைக் கொடுத்திருக்கிறேன்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "பேசிப் பார்க்கிறேன்" என்றேன். ஓய்வுபெற்ற அதிகாரிகளுக்கென்றே உண்டான வாக்கியம் அது.

இரவு ராகி சங்கட்டி, வேர்க்கடலைத் துவையல், கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. சென்னையில் களி என்றால் மருத்துவர் சொல்லிச் சாப்பிடுவது. இங்கே உள்ளங்கையால் பள்ளம் செய்து, குழம்பை ஊற்றி விழுங்குகிறார்கள். பரிமாறியவள் சுதாகரின் மனைவி லாவண்யா.

"விருந்தாளி வந்தா கோழி அடிக்கணும் சார். ஆனா இந்த வூட்ல கறி துன்னலாமா கூடாதான்னு யாருக்கும் தெரியல. கல்யாணத்துக்கும் என்ன யாரும் கூப்பிடறதில்ல. எழவு கேக்கவும் யாரும் வர்றதில்ல" என்றாள்.

அவள் கழுத்தில் தாலி இருந்தது. நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

மறுநாள் காலை, சான்றிதழ் விசாரிக்கலாம் என்று லாவண்யாவைக் கூட்டிக்கொண்டு ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனேன். மாவட்டத்தைப் பிரித்ததிலிருந்து இங்கே எந்தக் காகிதம் சித்தூருக்கு, எந்தக் காகிதம் திருப்பதிக்கு என்று வெற்றிலைக்கடைக்காரர்தான் தெளிவாகச் சொல்கிறார். அலுவலர் தெலுங்கில் கேட்டார்.

"இறந்த இடம்?"

"கடல்."

"எந்த மண்டலம்?"

"கடலுக்கு மண்டலம் இல்லை."

"அப்படியானால் கணினியில் ஏறாது."

அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வெளிநாட்டுக் கடலில் காணாமற்போனவருக்கு அது தவறான அலுவலகம் என்பது எனக்கு முன்பே தெரியும். கப்பலின் பதிவேடு, அந்நாட்டிலுள்ள நம் தூதரகம், அதன்பிறகுதான் இங்கே. வரிசை எனக்கு மனப்பாடம். இருந்தும் போனேன். வேறொன்றைச் சொல்லாமல் ஒரு காலைப் பொழுதைக் கழிக்க எனக்குத் தெரிந்த வழி அதுதான். அலுவலர் டீ வரவழைத்தார். தன் தம்பி வளைகுடாவில் ரிக்கில் இருப்பதாகச் சொல்லிவிட்டு, "அங்கே பாதுகாப்பெல்லாம் நன்றாக இருக்குமில்லையா?" என்று கேட்டார். நன்றாக இருக்கும் என்றேன்.

திரும்பும் வழியில் நாராயணவனம். கரும்புச்சாறு குடிக்க நின்றோம். கோயிலிலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் மேளத்தோடு வெளியே வந்துகொண்டிருந்தது. லாவண்யா அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

"நாங்களும் இங்கதான் கட்டிக்கினோம்" என்றாள். பிறகு, "சார், அவரு அந்த போர்ல இல்லன்னு எனக்குத் தெரியும். நானும் பி.எஸ்சி. படிச்சவதான். மாமாகிட்ட சொல்லிப் பாத்தேன். பதினெட்டே முக்கால்னு சாரே சொன்னாரு, உனக்கு இன்னா தெரியும்னு திட்டினாரு. அந்தப் படத்தப் பாத்துக்கினு இருந்தாத்தான் ரெண்டு வாயாச்சும் துன்றாரு. அதனால வுட்டுட்டேன்."

கண்ணாடி டம்ளரைச் சுற்றிச் சுற்றித் துடைத்தாள்.

"நாளைக்கு மூடிட்டாங்கன்னா, புள்ளைய உள்ள வெச்சி மூடிட்டானுங்கன்னு நெனச்சிக்குவாரு. அப்புறம் அவர யாராலயும் தேத்த முடியாது. அதுக்கு முன்னால சொல்லிடுங்க. அவரு மனசுல நீங்க போட்டது, நீங்கதான் எடுக்கணும்."

முப்பத்தைந்து வருடப் பணியில் என்னிடம் இவ்வளவு தெளிவான வேலை உத்தரவு யாரும் கொடுத்ததில்லை.

அன்று மாலையும் நான் சொல்லவில்லை. முனிசாமியின் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பழுப்புப் புகையைப் பார்த்தேன். "அந்த மஞ்சக் கையி காலைல இந்தாண்ட இருந்துச்சி சார், இப்ப அந்தாண்ட பூட்டுச்சி" என்று அவர் காட்டினார். அதை இயக்குபவனுக்குக்கூட அவ்வளவு ஞாபகம் இருக்காது.

மூன்றாம் நாள் காளஹஸ்திக்குக் கிளம்பினோம். நகரியில் ஒரு ஜோசியர், பொந்துக்குள் போனவனை ராகு கேது பூசை செய்தால் பொந்து வெளியே விடும், மூடுவதற்குள் செய்துவிடு என்று சொல்லியிருந்தாராம். முனிசாமி வேட்டியை வெளுத்துக் கட்டிக்கொண்டு விடியலிலேயே தயார். லாவண்யா என்னைப் பார்த்தாள். நான் செருப்பைத் தேடினேன்.

திருப்பதி பேருந்து நிலையத்தில் மொட்டைத் தலைகளும் சந்தனமும் சத்தமும். சென்னையில் இந்தக் கூட்டத்துக்கு இரண்டு சண்டையாவது நடந்திருக்கும். இங்கே தள்ளுகிறவர்களும் கோவிந்தா சொல்லிக்கொண்டே தள்ளுவதால் திருப்பித் திட்ட முடிவதில்லை. இட்லி வாங்கினோம். மிளகாய்க் காரம் கண்ணில் தண்ணீர் வரவைத்தது. முனிசாமி ஒரு இட்லியில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு மணி கேட்டார்.

ஏர்பேட்டுக்குச் சற்று முன்னால் பேருந்தின் பின்சக்கரம் வெடித்தது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்துவிட்டு, நெடுநாள் எதிர்பார்த்த உறவினர் வந்ததுபோல் தலையாட்டினார். "அரை மணி நேரம்" என்றார் நடத்துநர் தெலுங்கில். "போன வாரமும் அரை மணி நேரம் என்றுதான் சொன்னாய். நான் என் பேத்தி பெயர்சூட்டு விழாவுக்கே போய்ச் சேரவில்லை" என்றது ஒரு பெண்குரல். எல்லோரும் இறங்கினோம். சாலையோரம் ஒரு டீக்கடை. எதிரே வேர்க்கடலைக் காடு. லாவண்யா போனோடு புளியமரத்தடிக்குப் போனாள். மூடி வைக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"பூசை தப்பிடும் போலருக்கே சார்" என்று முனிசாமி சாலையையே பார்த்தார். "போன் பண்ணுங்க சார். ஒரு மணி நேரமாச்சும் நிறுத்தச் சொல்லுங்க."

"முனிசாமி, சுதாகர் அந்தக் கிணத்துல இல்ல."

அவர் திரும்பினார்.

"பதினெட்டே முக்கால்னு நீங்கதான சொன்னீங்க?"

"சொன்னேன். அது கடலுக்கு அடியில இருக்கற துவாரம். அவன் நின்னது ஒன்றரை கிலோமீட்டர் மேல, கப்பல்ல. நடுவுல இருக்கற குழாய் பூரா இரும்பு. ஆள் இறங்க வழியே கிடையாது. அளவு கேட்டீங்க, அளவு சொன்னேன். எதுக்குக் கேக்கறீங்கன்னு நான் கேக்கல. தப்பு என்னுது."

டீக்கடைக்காரர் டம்ளர்களை வைத்துவிட்டுப் போனார். டீயில் ஆடை படர்ந்த பிறகு முனிசாமி கேட்டார்.

"அப்ப எங்க கீறான்?"

"கப்பல்ல. கப்பல் எரிஞ்சு அடியில கிடக்கு."

"அத எடுப்பாங்களா?"

"எடுக்க மாட்டாங்க. அவ்வளவு ஆழத்துலேர்ந்து யாரும் எடுத்ததில்ல."

அவர் கை முழங்காலில் எதையோ அளந்துகொண்டிருந்தது.

"மத்தவன்லாம் குதிச்சானுங்களே சார். நூறு பேருக்கு மேல பொழச்சானுங்களே. இவன் ஏன் குதிக்கல? நல்லா நீஞ்சுவான். எங்க கெணத்துல தண்ணி இருந்தப்ப நாந்தான் கத்துக்குடுத்தேன்."

முகவருக்குத் தெரியாத விஷயம் இதுதான். உயிர் தப்பிய ஒருவன், அவனும் என் மாணவன், எனக்கு எழுதியிருந்தான். அடைப்பானை மூடும் கட்டுப்பாட்டுப் பலகை கப்பலின் துளைமேடைமேல் இருக்கும். அழுத்தினால் ஒன்றரை கிலோமீட்டருக்குக் கீழே இரும்புத் தாடைகள் குழாயைக் கவ்வ நாற்பத்தைந்து விநாடி ஆகும். மூடிவிட்டால் பலகையில் விளக்கு சிவப்பாக மாறும். விளக்கு மாறும்வரை கையை எடுக்காதே, இடத்தை விட்டு நகராதே. இது விதி. புத்தகத்தில் ஒரு வரி. நான் வகுப்பில் அதை மேசையைத் தட்டித் தட்டிச் சொல்வேன். ஓடுகிறவன் தன்னைக் காப்பாற்றுகிறான், நிற்கிறவன் எல்லோரையும் காப்பாற்றுகிறான் என்று என் சொந்தச் சரக்கையும் சேர்ப்பேன். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள்.

இதையெல்லாம் முனிசாமிக்கு எளிமையாகச் சொன்னேன். எளிமையாகச் சொல்வதில் எனக்குப் பெயர் உண்டு.

"சுதாகர் அழுத்தியிருக்கான். தீ வந்த பிறகும் அங்கயே நின்னிருக்கான். எல்லாரும் குதிக்கறாங்க, வாடான்னு கூப்பிட்டிருக்காங்க. 'வெளக்கு இன்னும் மாறல'ன்னானாம். அடியில அடைப்பான் வேலை செய்யல. அதனால விளக்கு மாறவே இல்ல. நில்லுன்னு சொல்லிக்குடுத்தது நான். எவ்வளவு நேரம் நிக்கணும்னு சொல்லிக்குடுக்கல."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் வேர்க்கடலைக் காட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நா நில்லுன்னா ஓடுவான் சார். சின்ன வயசுலருந்து. படின்னா படிக்க மாட்டான். போவாதன்னா போவான். எம் பேச்ச ஒரு நாளும் கேட்டதில்ல." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நீங்க சொன்னதக் கேட்டுகீறான்."

பேருந்துக்குக் கீழே ஜாக்கி வைக்கும் சத்தம். நான் ஆறிப்போன டீயைக் குடித்தேன்.

"மாமா!" லாவண்யா புளியமரத்தடியிலிருந்து வந்தாள். ஓடவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தாள். "நின்னுடுச்சி."

திரையில் புதிய மூடி உட்கார்ந்திருந்தது. பழுப்புப் புகை மெலிந்து, நூலாகி, இல்லாமல் போனது. ஐம்பத்து நான்கு நாளுக்குப் பிறகு அங்கே வெறும் தண்ணீர் தெரிந்தது. எங்கோ ஒரு கப்பலில் ஆட்கள் கைதட்டினார்கள். அந்தச் சிறிய போனிலிருந்து கைதட்டல் கடலை வறுபடுவதுபோல் கேட்டது. நான் பாடம் எடுத்த வருடங்களில் எதிர்பார்த்த காட்சி அது. மூன்று பேரும் பார்த்தோம்.

"நல்லா மூடிகிச்சா சார்?"

"மூடிக்கிச்சு."

"அப்ப அந்த வெளக்கு செவப்பாயிருக்குமா?"

அவர் கேட்ட விளக்கு எரிந்து உருகிக் கடலடியில் கிடக்கிறது. இன்று மூடியதற்கு வேறு கப்பல், வேறு பலகை, வேறு விளக்கு. சரியான பதில் அதுதான். சரியான பதில்களை இந்த மனிதருக்கு நான் போதுமான அளவு கொடுத்தாகிவிட்டது.

"ஆயிருக்கும்" என்றேன்.

லாவண்யா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சாலையின் மறுபக்கம் பார்த்தாள். முனிசாமி தலையை மெதுவாக ஆட்டினார்.

"செரி. அப்ப அவன் வேல முடிஞ்சிடுச்சி. இனிமே எறங்கலாம்."

நடத்துநர் எல்லோரையும் ஏறச் சொல்லிக் கத்தினார். யாரோ கோவிந்தா போட்டார்கள். முனிசாமி எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு என் பையைப் பார்த்தார்.

"அந்த பேப்பரக் குடுங்க சார்."

எடுத்துக் கொடுத்தேன். பேனாவும் கொடுத்தேன். வைத்து எழுத இடமில்லை. டீக்கடைப் பலகை முழுக்க ஈரம். அவர் என்னைத் தோளைத் தொட்டுத் திருப்பினார். நான் குனிந்தேன். காகிதத்தை என் முதுகில் விரித்து, ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பள்ளியில் படித்த தெலுங்கில் எழுத ஆரம்பித்தார். தெலுங்கில் அவர் பெயருக்கு நான்கு எழுத்து. ஒவ்வொரு சுழியும் சட்டையைத் தாண்டித் தெரிந்தது. மூன்றாவது எழுத்தில் பேனா நின்றுவிட்டது. பேருந்து ஹாரன் அடித்தது. நான்காவது விழும்வரை நான் நகராமல் நின்றேன்.